உப்புத்தண்ணீர் பேட்டரி: பொருளெல்லாம் வீட்டிலும் தெருமுனையிலும் தேடிச் செய்ய முழு வழிகாட்டி

பள்ளியில் உப்புத்தண்ணீர் பேட்டரி செய்து கொண்டுவரச் சொன்னால், வீட்டில் எல்லோர் கையும் முதலில் உப்பு ஜாடிக்குத்தான் போகும். உப்பு எங்கேயும் ஓடிவிடாது. தேட வேண்டியது உலோகம். இந்த பேட்டரியில் மின்சாரம் உப்பிலிருந்து வருவதில்லை. துத்தநாகமோ அலுமினியமோ மெல்ல மெல்லக் கரைகிறதே, அதிலிருந்து வருகிறது. உப்புத்தண்ணீர் நடுவில் இருந்து அயனிகளுக்கு, அதாவது மின்னூட்டம் ஏறிய நுண்துகள்களுக்கு, வழிவிடுகிறது, அவ்வளவுதான். பிள்ளைக்கும் உங்களுக்கும் இது ஒன்று பிடிபட்டுவிட்டால், வீட்டைச் சுற்றித் தேடும் கண்ணே மாறிவிடும்.

தேவை இரண்டு வேறு வேறு பொருள். ஒன்று எளிதில் கரையும் உலோகம்: துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம். இது எதிர்முனை. இன்னொன்று லேசில் கரையாதது: செம்பு அல்லது கரி. இது நேர்முனை. கரையும் உலோகம் விட்டுவிடும் எலக்ட்ரான்கள் வயர் வழியாகச் செம்புக்கு வந்து, தண்ணீரில் கலந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்கின்றன. இத்தாலியின் வோல்ட்டா 1800-இல் வெளியிட்ட முதல் பேட்டரியும் இந்த வகைதான்: வெள்ளி, துத்தநாக வில்லைகள், நடுவில் உப்புத்தண்ணீரில் நனைத்த அட்டை.

எந்த ஜோடிக்கு எவ்வளவு வோல்ட்

உப்புத்தண்ணீரில் செம்பும் துத்தநாகமும் வைத்தால் ஒரு கப்புக்கு 0.7 முதல் 0.8 வோல்ட் வரை வரும். செம்பும் அலுமினியமும் என்றால் 0.5-ஐ ஒட்டி நிற்கும். துத்தநாகம் பூசாத வெறும் இரும்பு ஆணி என்றால் 0.4 வந்தாலே பெரிது. மெக்னீசியம் கிடைத்தால் ராஜா. ஒரே கப்பில் ஒன்றரை வோல்ட்டை நெருங்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைவிட இவையெல்லாம் குறைவுதான். அது சோதனைச்சாலைக் கரைசலுக்கான கணக்கு, இது சமையலறைக் கணக்கு.

கப்புகளை வரிசையாக இணைத்தால் அவற்றின் வோல்ட் ஒன்றோடொன்று கூடும். சிவப்பு எல்.இ.டி. எரிய சுமார் 1.8 வோல்ட் வேண்டும். வெள்ளை, நீலம் என்றால் 3 வோல்ட்டை ஒட்டி. ஆகவே எல்.இ.டி. வாங்கும்போது சிவப்பாகவே கேளுங்கள். வெள்ளை நன்றாக இருக்குமே என்று பிள்ளை அடம்பிடிக்கும். விட்டுக்கொடுத்தால் இன்னும் அதிகக் கப் அடுக்க வேண்டியிருக்கும்.

செம்பு எங்கே கிடைக்கும்

வீட்டில் வயரிங் வேலை நடந்திருந்தால் எலக்ட்ரீஷியன் விட்டுப்போன துண்டு வயர் எங்காவது ஸ்டோர் ரூமில் கிடக்கும். மேல் பிளாஸ்டிக்கைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளைப் பிரித்து, ஐஸ்கிரீம் குச்சியில் நெருக்கமாகச் சுற்றினால் நல்ல நேர்முனை தயார். எவ்வளவு சுற்றோ அவ்வளவு பரப்பு. பரப்புக்கு ஏற்பத்தான் கரண்ட். மலிவான வயர்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். ஃபேன், மோட்டார் வைண்டிங் கம்பி பெரும்பாலும் அசல் செம்புதான், ஆனால் மேலே கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கும். உப்புத்தாள் போட்டு முழுக்கத் தேய்த்தால்தான் மின்சாரம் கடத்தும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பூஜைச் சாமான் கடையில் யந்திரம் எழுதுவதற்கென்று வைத்திருக்கும் செப்புத் தகடு. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போனால் எழுதாத வெறும் தகடாகவே கேட்டு வாங்கலாம். சின்னச் சதுரம், கையால் வளையும், கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும். கம்பி சுற்றும் வேலையே இல்லை. வாங்கும்போது, “அண்ணா, இது அசல் காப்பரா, பூச்சா?” என்று கேட்டுவிட்டு ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் செம்புச் சொம்பில் கை வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர் நின்றால் செம்பு கறுத்து, ஓரங்களில் பச்சை பிடிக்கும். அப்புறம் வீட்டில் வேறு வகை மின்சாரம் பாயும். நாணயங்களையும் விட்டுவிடலாம். இப்போது புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இதற்கு உதவாது.

துத்தநாகம்

துத்தநாகம் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் யோசிப்பார்கள். ஜி.ஐ. என்று சொன்னால் உடனே எடுத்துத் தருவார்கள். ஜி.ஐ. என்பது இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பி பல வீடுகளில் ஜி.ஐ. கம்பிதான். பிளாஸ்டிக் உறை இல்லாததாகப் பாருங்கள். பழைய ஜி.ஐ. வாளி, ஏ.சி. டக்ட் வேலை செய்பவர்கள் வெட்டிப்போட்ட தகடு, பெரிய ஜி.ஐ. வாஷர், எல்லாம் உதவும். தகட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் படிகம் படிகமாகத் திட்டுத் தெரியும். அது கனமாகப் பூசிய நல்ல துத்தநாகம். பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னும் சின்ன ஸ்க்ரூக்களில் பூச்சு மிக மெல்லிசு. சீக்கிரமே தீர்ந்து, அடியில் இருக்கும் இரும்பு வெளியே வந்துவிடும். அப்போது தண்ணீர் துருப்பிடித்துப் பழுப்பாகும், வோல்ட்டும் ஏறக்குறையப் பாதியாகும். காலையில் எரிந்த விளக்கு மத்தியானம் எரியவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஜி.ஐ.யை உப்புத்தாளால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, பூச்சே போய்விடும். சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினால் போதும். செம்பை மட்டும் புளி போட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள்; குத்துவிளக்கு தேய்க்கிற வேலைதான், பிள்ளையே செய்யலாம்.

வீட்டில் எதுவும் அகப்படவில்லை என்றால் தெருமுனைக் காயலான் கடை. அங்கே செம்பும் இருக்கும், ஜி.ஐ.யும் இருக்கும், அலுமினியப் பாத்திரத் துண்டும் இருக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜி.ஐ. ஒட்டும், செம்பும் அலுமினியமும் ஒட்டாது. துருப்பிடித்த விளிம்பு கையைக் கிழிக்கும், அதனால் எடுப்பது நீங்களாக இருக்கட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கறார்: துத்தநாகத்துக்காகப் பழைய பென்சில் செல்லை உடைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வேண்டாம். ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது தோலை அரிக்கும் காரம். போன் பேட்டரியை உடைத்தால் தீயே பிடிக்கும்.

அலுமினியமும் கரியும்: அதிக கரண்ட் வேண்டுமென்றால்

செம்பு–ஜி.ஐ. ஜோடியில் வோல்ட் வரும், ஆனால் கரண்ட் சோனிதான். காரணம், செம்புத் தகட்டின் மேல் வந்து சேரும் ஆக்சிஜன் கொஞ்சம். கரியை நேர்முனையாக வைத்தால் கதை மாறும். ஆக்டிவேட்டட் கார்பன் என்ற பதப்படுத்திய கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில். அத்தனையிலும் காற்று உட்கார்ந்திருக்கும்.

இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி கேட்கலாமா என்று தோன்றும். கேட்டால் ஒரு கை அள்ளியும் தருவார். ஆனால் சாதாரண அடுப்புக்கரி சரியாக மின்சாரம் கடத்தாது. சில துண்டு வேலை செய்யும், பல செய்யாது. நம்ப வேண்டாம். ஆக்டிவேட்டட் கார்பன் இரண்டு இடத்தில் சுலபமாகக் கிடைக்கும். ஒன்று, மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடை. கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஃபில்டருக்கென்று பாக்கெட்டாகவே இருக்கும். இன்னொன்று உங்கள் சமையலறைச் சுவரிலேயே தொங்குகிறது. ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவர் கழற்றிப் போடும் ஃபில்டர்களில் ஒன்றுக்குள் கறுப்பு மணியாக இருப்பது இதேதான். “அண்ணா, அந்தப் பழைய கார்பன் ஃபில்டரைக் குப்பையில போடாதீங்க, பையனுக்கு ப்ராஜெக்டுக்கு வேணும்” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறுத்து, கரியைக் கொட்டி, அலசி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டால் போதும்.

அலுமினியத்துக்குச் சமையலறை ஃபாயில். பிரியாணி பார்சல் வந்த அலுமினிய டப்பாவையும் கழுவி வெட்டிக்கொள்ளலாம், அது இன்னும் கொஞ்சம் தடிமன். கூல்டிரிங்ஸ் கேன் தேவையில்லாத வம்பு: உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, வெளியே பெயின்ட், வெட்டினால் விளிம்பு பிளேடு.

செய்முறை எளிது. ஃபாயிலை உள்ளங்கை அளவுக்கு நாலைந்து மடிப்பாக மடியுங்கள். அதன் மேல், ஓரங்களில் சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி, உப்புத்தண்ணீரில் நனைத்த டிஷ்யூ பேப்பர் இரண்டு மடிப்பு. அதன் மேல் பொடித்த கரியை உப்புத்தண்ணீர் தெளித்து, ஈரமாக, விரல் தடிமனுக்குப் பரப்புங்கள். கரியின் மேல் செம்புக் கம்பிச் சுருளை வைத்து அழுத்துங்கள். கம்பியோ கரியோ ஃபாயிலைத் தொட்டால் எல்லாம் வீண். அழுத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தளர்வாகக் கிடக்கும் கரி மணிகளுக்கு இடையே மின்சாரம் தாவாது. மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து எடை ஏற்றினால் எல்.இ.டி. சட்டென்று பிரகாசமாகும். அதைப் பிள்ளை தன் கையாலேயே அழுத்திப் பார்க்கட்டும். கரியைப் பொடிக்கும்போது துணியில் கட்டித் தட்டுங்கள், கீழே பழைய பேப்பர் விரியுங்கள். மேஜை விரிப்பின் மேல் செய்தால் பின்விளைவுக்கு நான் பொறுப்பில்லை.

கீசருக்குள் ஒரு புதையல்

தண்ணீர் தேக்கிச் சூடாக்கும் கீசரின் தொட்டிக்குள், தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க ஓர் உலோகக் கம்பியைச் செருகியிருப்பார்கள். தொட்டிக்குப் பதில் அது கரையும். பெரும்பாலும் மெக்னீசியம், சிலவற்றில் அலுமினியம். சென்னையின் போர் தண்ணீரில் அது வேகமாக அரிக்கப்படுவதால், சர்வீஸ் செய்பவர் ‘ஆனோடு மாத்தணும் சார்’ என்பார். மாற்றும்போது பழைய கம்பியின் மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் தூக்கித்தான் போடுவார்கள். மேலே படிந்த வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். உடனே நுரைத்தால் மெக்னீசியம். இது ஒன்று கிடைத்தால், இரண்டு கப்பிலேயே சிவப்பு எல்.இ.டி. எரியும். ரம்பம், அரம் போட்டுப் பொடியாக்கக் கூடாது, மெக்னீசியத் தூள் நெருப்பு பட்டால் பற்றிக்கொள்ளும். உப்புத்தண்ணீரில் போட்டால் குமிழ் வரும், அது ஹைட்ரஜன். ஜன்னல் திறந்திருந்தால் போதும், பக்கத்தில் ஊதுபத்தி, விளக்கு எதுவும் வேண்டாம்.

தண்ணீர், உப்பு, கப்

கல் உப்போ தூள் உப்போ எதுவும் சரி. ஒரு டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் குமித்துப் போட்டுக் கரைத்தால் போதும். கெட்டியாகப் போட்டால் கரண்ட் அள்ளும் என்று நினைத்து அரைப் பாக்கெட் கொட்டுவது வீண். ரொம்ப உப்பான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் கரையும்.

பெசன்ட் நகரிலிருந்தோ மெரினாவிலிருந்தோ ஒரு பாட்டில் கடல் தண்ணீர் எடுத்துவந்தால் ப்ராஜெக்டுக்கு மெருகு கூடும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. கேன் தண்ணீர், போர் தண்ணீர், கடல் தண்ணீர் மூன்றையும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் நாலு கப்பை வரிசையாக இணைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வோல்ட் காட்டும், பிள்ளை குழம்பும். எல்.இ.டி.யை மாட்டினால் கேன் தண்ணீர் வரிசை படுத்துவிடும். மீட்டருக்குத் தேவை துளி கரண்ட், அதை எந்தத் தண்ணீரும் கொடுக்கும். விளக்குக்கு அது போதாது. வோல்ட் வேறு, கரண்ட் வேறு என்பது பிள்ளைக்குப் பதியும் இடம் இதுதான், அதனால் இங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

கப் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளர், இட்லித் தட்டு எதுவும் ஆகாது, தகடு பட்டால் ஷார்ட் ஆகும். ஃபிரிட்ஜ் ஐஸ் ட்ரே வசதியானது. ஆனால் குழிக்குக் குழி தண்ணீர் வழிந்து சேர்ந்தால் எல்லாம் ஒரே கப் ஆகிவிடும், வோல்ட் கூடாது. முக்கால் குழிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

எல்.இ.டி., முதலை கிளிப் வயர், மல்டிமீட்டர் மூன்றையும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் வாங்கலாம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம். அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் உடைந்த ரிமோட் கார், பழைய சீரியல் செட் இவற்றிலிருந்து வயரும் எல்.இ.டி.யும் கழற்றலாம். சீரியல் செட் பிளக்கில் இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, வெட்டுவது பெரியவராக இருக்கட்டும். கிளிப்புக்குப் பதில் துணி கிளிப்பே வயரையும் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கும்.

சேர்க்கும் முறை

1. நாலு கப்பை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு, ஒரு ஜி.ஐ., ஒன்றையொன்று தொடாமல், எதிரெதிர்ச் சுவரில். நடுவில் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை நிறுத்தினால் நகராது.

2. முதல் கப்பின் செம்பிலிருந்து இரண்டாவது கப்பின் ஜி.ஐ.க்கு வயர், இரண்டாவதன் செம்பிலிருந்து மூன்றாவதன் ஜி.ஐ.க்கு. இப்படியே கடைசி வரை. ஒரு முனையில் ஜி.ஐ. மிஞ்சும், மறுமுனையில் செம்பு மிஞ்சும்.

3. இணைப்பெல்லாம் தண்ணீருக்கு மேலே. கிளிப் நனைந்தால் அதுவும் ஓர் உலோகமாகச் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும், மறுநாளே துருவும் பிடிக்கும்.

4. உப்புத்தண்ணீரைக் கடைசியாக ஊற்றுங்கள். ஒவ்வொரு கப்பையும் தனியாக மீட்டரில் டி.சி. 2 வோல்ட் அளவில் பாருங்கள்; 0.7-ஐ ஒட்டி வர வேண்டும். பிறகு மொத்தமாக 20 வோல்ட் அளவில். 3-ஐ ஒட்டி வரும்.

5. எல்.இ.டி.யின் நீளமான கால் மிஞ்சிய செம்புக்கு, குட்டைக் கால் மிஞ்சிய ஜி.ஐ.க்கு.

விளக்கு மங்கலாகத்தான் எரியும். கண்காட்சி அரங்கின் டியூப்லைட் வெளிச்சத்தில் அது எரிவதே தெரியாது. பழைய ஷூ பெட்டியில் எல்.இ.டி.யை உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு துளை போட்டு எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கூட்டமும் சேரும். இன்னும் உறுதியான வழி, ஒரு பென்சில் செல்லில் ஓடும் சின்ன டிஜிட்டல் கடிகாரம். 1.5 வோல்ட், அற்ப கரண்ட். இரண்டு கப்பே ஓட்டும். பட்டன் செல் போடும் கடிகாரமும் சரிதான், கழற்றிய செல்லை மட்டும் தம்பி தங்கை கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து. சோலார் கால்குலேட்டர் வேண்டாம். அது வெளிச்சத்திலேயே ஓடும், பார்க்க வருபவர் ஒரு பார்வை பார்ப்பார்.

எரியவில்லையா? கால் மாறியிருக்கிறதா, எந்தக் கப்பிலாவது தகடுகள் தொடுகின்றனவா பாருங்கள். ஒரு கப் மட்டும் பூஜ்யம் காட்டினால் அங்கே ஷார்ட். எல்லாம் சரியாக இருந்தும் மங்கிக்கொண்டே வந்தால், செம்பைச் சுற்றி இருந்த ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். ஸ்பூனால் கலக்கினால் மீண்டும் எழும். பிளாஸ்டிக் ஸ்பூன். இந்தக் கலக்கும் காட்சியை மறக்காமல் செய்துகாட்டச் சொல்லுங்கள். காற்றிலிருந்து வரும் ஆக்சிஜனுக்கு இதில் பங்கு இருக்கிறது என்று நிரூபிக்க இதைவிட நேரடியான வழி இல்லை.

கேட்கப்போகும் கேள்வி

“உப்பிலிருந்தா கரண்ட் வருது?” என்று நிச்சயம் கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டும் பிள்ளைகள்தான் அதிகம். உங்கள் பிள்ளை ஒரு பழைய ஜி.ஐ. துண்டைக் கையில் எடுத்து, அரித்துப்போன விளிம்பைக் காட்டி, “இதுதான் சார் எரிபொருள், உப்பு இல்லை” என்று சொல்லட்டும். ஒரே இரவு மூழ்கவைத்து, செம்போடு வயர் போட்டு இணைத்து வைத்தால் அப்படி ஒரு துண்டு கிடைத்துவிடும்.

இதனால் என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. பதில் சென்னையிலேயே இருக்கிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக் கப்பல் சாகர் அன்வேஷிகாவில், 2022 ஆகஸ்டில் ‘ரோஷினி’ என்ற விளக்கை ஒன்றிய அமைச்சர் ஜிதேந்திர சிங் அறிமுகப்படுத்தினார். கடல் தண்ணீரை ஊற்றினால் எல்.இ.டி. எரியும் விளக்கு, மீனவர்களை மனதில் வைத்துச் செய்தது. சார்ட்டில் ஒரு மூலையில் இதை எழுதி வைக்கலாம்.

யாராவது, இதையே ஒன்பது வோல்ட் பேட்டரியில் இணைத்துப் பார்க்கலாமே என்று யோசனை சொல்வார்கள். கூடாது. உப்புத்தண்ணீருக்குள் வெளியிலிருந்து கரண்ட் செலுத்தினால் குளோரின் வாயு வரும். வீட்டு பிளக் பக்கமே இந்தக் கப்புகளைக் கொண்டுபோகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்குக் கொண்டுபோகும்போது தகடுகளைத் துடைத்துக் காயவைத்து, வயரோடு அட்டையில் ஒட்டி, உப்பைத் தனிப் பொட்டலமாக, தண்ணீரைத் தனி பாட்டிலாக அனுப்புங்கள். ஆட்டோவில், வேனில் கப்போடு போனால் பாதி தண்ணீர் யூனிஃபார்மில்தான். முடிந்ததும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். உப்பும் செம்பும் வேருக்கு ஆகாது. சிங்க்கில் விட்டு நிறையத் தண்ணீர் திறந்துவிடுங்கள். கப்புகளை மறுபடி சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம். செம்புத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தால் அடுத்த வருஷம் தங்கைக்கு ஆகும். ஜி.ஐ. மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.